காயலான் கடையில கிடைச்ச டெலிபோன் டயல்: எந்த வகை, என்ன செய்யலாம்?

2024 செப்டம்பர் 28, கேள்வி

"காயலான் கடையில பழைய இரும்புக் குவியல்ல ஒரு டெலிபோன் டயல் கிடைச்சுது. போன் இல்ல, டயல் மட்டும். கறுப்புத் தகடு, பத்து ஓட்டை, பின்னாடி பித்தளைப் பல்சக்கரம், வயர் மாட்ட அஞ்சு திருகு. இது ரோட்டரி என்கோடர் மாதிரிதான், ஆர்டுயினோங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல மாட்டி வால்யூம் குமிழா வச்சுக்கலாம்னு நண்பன் சொல்றான். எந்த ஊர்ல செஞ்சது, எந்த வருஷம், எப்படி மாட்டறதுன்னு யாராவது சொல்லுங்க."

செப்டம்பர் 28, ராத்திரி

தம்பி, இது என்கோடர் இல்ல. என்கோடரைத் திருகுற போதே எவ்வளவு திருகினேன்னு சொல்லிடும். டயல் அப்படி இல்ல. நீ விரலை விட்டு இழுக்கிற வரைக்கும் அது உள்ள இருக்கிற ஸ்பிரிங்கை முறுக்கிக்கும், வாயே திறக்காது. விரலை எடுத்ததும் தன் வேகத்துல திரும்பி வருதே, அப்பதான் பேசும். வர்ற வழியில ஒரு கான்டாக்ட்டை, அதாவது ரெண்டு உலோக முனை தொட்டுக்கிற இடத்தை, திறந்து மூடும். 3-ன்னா மூணு தடவை, 9-ன்னா ஒன்பது தடவை, 0-ன்னா பத்து தடவை. அந்த ஒவ்வொரு திறப்புக்கும் பல்ஸ்னு பேர். வால்யூம் குமிழுக்கு இது ஒத்து வராது. ஆனா எண் சொல்ற வேலைக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது.

எங்க அப்பா டெலிபோன் மெக்கானிக். வீட்டுல ஒரு பிஸ்கட் டின் நிறைய டயல் பாகங்கள் கிடந்துது. நான் பல்சக்கரம் எண்ணிப் பழகினதே அதுலதான்.

எந்த ஊர்னு கண்டுபிடிக்க முதல்ல முகத்தைப் பாரு. எண் மட்டுமா, எழுத்தும் இருக்கா? எழுத்து இருந்தா 6-க்குப் பக்கத்துல கவனி. எம், என், ஓ மூணும் அங்கேயே இருந்தா அமெரிக்கா. எம், என் மட்டும் இருந்து ஓ எழுத்து 0-வுக்குப் போயிருந்தா பெரும்பாலும் பிரிட்டன். எண் வரிசையையும் பாரு. ஸ்வீடன் டயல்ல 0 தான் முதல் ஓட்டை, அதனால அங்க 0-வுக்கு ஒரு பல்ஸ், 1-க்கு ரெண்டு. எழுத்தே இல்லாம வெறும் எண் 1-ல ஆரம்பிச்சு 0-ல முடிஞ்சா நம்ம ஊர்ல ஓடின டயலா இருக்கலாம்.

செப்டம்பர் 29, காலை

வயர் விஷயத்தை ராத்திரியே எழுதியிருக்கணும். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்துல வை, ரெண்டு முனைக்கு நடுவுல இணைப்பு இருந்தா சத்தம் போடும். டயலைத் தொடாம அஞ்சு முனையையும் ஜோடி ஜோடியாத் தொட்டுப் பாரு. சும்மா இருக்கும்போது பீப் கேக்குற ஜோடில மீட்டரை வச்சுட்டு 5-ஐச் சுத்தி விடு. திரும்பி வரும்போது பீப் அஞ்சு தடவை வெட்டுப்பட்டா அதுதான் பல்ஸ் ஜோடி.

இன்னொரு ஜோடி இருக்கும். சும்மா இருக்கும்போது சத்தம் வராது, நீ தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினதும் பீப் வரும், முழுசாத் திரும்பி வந்ததும் நிக்கும். போன்ல இதுக்கு வேலை, டயல் சுத்துற நேரம் ரிசீவர்ல கடகடன்னு சத்தம் வராம அடக்குறது. உனக்கு அது வேற விதத்துல உதவும்: அது மூடுனா எண்ண ஆரம்பி, திறந்தா எண்ணி முடி.

வயரைச் சால்டர் பண்ணாத. திருகுலயே மாட்டு. நாளைக்கு இந்த டயல் ஒரு போனுக்குள்ள திரும்பிப் போகணும்னா போகட்டும்.

அக்டோபர் 2

ஆக்லாந்துல இருக்கிற நம்மாள் ஒருத்தர் தன் வீட்டு டயல் படம் அனுப்பியிருக்கார். நியூசிலாந்து டயல். எண்கள் தலைகீழ், 9 இருக்க வேண்டிய இடத்துல 1. அங்க 1-ஐச் சுத்தினா ஒன்பது பல்ஸ் போகும், 9-ஐச் சுத்தினா ஒண்ணு. 0 மட்டும் நம்ம மாதிரியே பத்து. பிரிட்டன்ல அவசரத்துக்கு 999-னு 1937-ல லண்டன்ல தொடங்கினாங்க. நியூசிலாந்துல 1958-ல மாஸ்டர்டன் ஊர்ல வந்தது 111. அங்க 111, இங்க 999, ரெண்டுலயும் கம்பியில போற பல்ஸ் ஒரே மாதிரிதான்: ஒன்பது, ஒன்பது, ஒன்பது. லைனுக்கு லைன் இணைச்சுக் குடுக்கிற பிரிட்டிஷ் எக்ஸ்சேஞ்ச் சாமான் நியூசிலாந்துல அப்படியே வேலை செஞ்சிருக்கு. படத்தைப் பாத்துட்டு அரை மணி நேரம் அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அக்டோபர் 5

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கு: "அக்கா, நீங்க சொன்னபடி மாட்டினேன். எந்த எண்ணைச் சுத்தினாலும் 1-னுதான் காட்டுது. டயல் செத்துப் போச்சா?"

டயல் உயிரோடதான் இருக்கு. உன் நிரலை அனுப்பு.

அக்டோபர் 5, ராத்திரி

பாத்தேன். பட்டனுக்கு எழுதின நிரலை எடுத்துப் போட்டிருக்க. கான்டாக்ட் அதிர்றதைக் கணக்குல சேக்காம இருக்க அதுல 50 மில்லிசெகண்ட் காத்திருக்கு. பட்டனுக்கு அது சரி. டயலுக்கு வராது, ஏன்னு சொல்றேன்.

டயல் செகண்டுக்கு பத்து பல்ஸ் அனுப்பணும். அப்ப ஒரு பல்ஸுக்கு 100 மில்லிசெகண்ட். நம்ம ஊர், பிரிட்டன் டயல்கள்ல அதுல மூணுல ரெண்டு பங்கு திறந்திருக்கும், ஒரு பங்கு மூடியிருக்கும். ஏறக்குறைய 67-ம் 33-ம். அமெரிக்காவுல 60-ம் 40-ம். இப்ப உன் நிரல் என்ன செய்யுது? திறந்தது 67 நீடிக்குது, 50-ஐத் தாண்டிடுச்சு, "ஆமா திறந்திருக்கு"ன்னு ஏத்துக்குது. அடுத்து மூடினது 33-லயே முடிஞ்சு மறுபடி திறக்குது. 50 ஆகல, அதனால அதைக் கண்டுக்கவே இல்ல. நிரலோட கண்ணுக்கு மொத்தமும் ஒரே நீளத் திறப்பு. அதான் எல்லா எண்ணும் 1.

50-ஐ 15 ஆக்கு. திறக்கிறதை மட்டும் எண்ணு. பத்து வந்தா 0-னு வச்சுக்க.

அக்டோபர் 6

"வந்துருச்சு அக்கா! 7 சுத்தினா 7!"

இதைப் படிச்சதும் எழுந்து போய் எங்க டின்னைத் திறந்தேன். உள்ள முழு டயல் ஒண்ணு இருக்கு. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு, அது இன்னும் சுத்துது. என்ன செய்யப் போறேன்னு அப்புறம் எழுதுறேன்.

அக்டோபர் 9

இங்க பேச்சு பழைய டயல் பூட்டு பக்கம் போயிடுச்சு, நானும் சேந்துக்கிறேன். ஆபரேட்டர் இல்லாம நேரா வெளியூருக்குச் சுத்துற எஸ்.டி.டி. வந்த பிறகு வீட்டுக்கு வீடு டயல்ல குட்டிப் பூட்டு தொங்கும். இந்தியாவுல முதல் எஸ்.டி.டி. 1960-ல கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவுல வந்துது. நம்ம பக்கம் பரவினப்புறம்தான், பக்கத்து வீட்டுப் பையன் வந்து வெளியூருக்குப் பேசிட்டுப் போயிடுவானோங்கற பயம். பெரியப்பா வீட்டுல 1-ஆம் எண் ஓட்டையில பூட்டு. தகடு கொஞ்சம் நகர்ந்ததும் பூட்டு, விரலை நிறுத்துற கொக்கியில இடிச்சு நின்னுடும்.

ஆனா டயலுக்குப் பேச வேற வழி இருக்குன்னு அப்பா எனக்குக் காட்டியிருந்தார். ரிசீவரைத் தூக்கினதும் மேல எழும்புற கட்டை இருக்கே, அதை அழுத்தினாலும் லைன் துண்டாகும். டயல் செய்யறதும் அதைத்தான். அதனால 4 வேணும்னா டக் டக் டக் டக், ஒரு மூச்சு இடைவெளி, அடுத்த எண். ஒரே சீரா தட்டணும், இல்லன்னா ராங் நம்பர். 0 வந்தா பத்து தட்டு, அதுலதான் பாதிப் பேர் தப்பு விடுவாங்க. பெரியம்மா அடுப்படியில இருந்து, "யாருடி அங்க கொட்டு தட்டறது"ன்னு குரல் விடுவாங்க. உள்ளூர்ல சித்தி வீட்டுக்குத்தான் பேசுவோம், அதுக்கே அவ்வளவு படபடப்பு.

அக்டோபர் 10

"0-வுக்கு ஏன் பத்து? பூஜ்யம்னா ஒண்ணும் இல்லைதானே?" நல்ல கேள்வி.

பல்ஸே அனுப்பாம ஒரு எண்ணைச் சொல்ல முடியாது தம்பி. எக்ஸ்சேஞ்சுக்கு எப்படித் தெரியும், நீ சுத்தினியா சும்மா இருக்கியான்னு? அதனால 0-வுக்கும் ஏதாவது அனுப்பணும், மிச்சம் இருந்தது பத்து.

பத்து பத்தா இருந்ததுக்குக் காரணம் எக்ஸ்சேஞ்சுக்குள்ள இருந்துச்சு. சின்ன வயசுல ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா என்னை உள்ள கூட்டிட்டுப் போனார். உயரமான இரும்பு ரேக், வரிசை வரிசையா செலக்டர். யாரோ எங்கேயோ டயல் சுத்தினா இங்க ஒரு தண்டு டக்டக்னு மேல ஏறும். கடைசி ரெண்டு எண்ணுல முதல் எண்ணுக்கு அத்தனை படி மேல, அடுத்த எண்ணுக்கு அத்தனை அடி பக்கவாட்டுல. "மாடி ஏறிப் போய், வராண்டாவுல நடந்து, சரியான கதவைத் தட்டுது பாரு"ன்னார். பத்து மாடி, மாடிக்குப் பத்து கதவு, நூறு வீடு. அதுக்கு ஸ்ட்ரோஜர் முறைன்னு பேர். கான்சஸ் சிட்டியில சவ அடக்கத் தொழில் செஞ்ச ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ல காப்புரிமை வாங்கினது. 1892-ல இண்டியானாவுல லா போர்ட்ங்கற ஊர்ல முதல் எக்ஸ்சேஞ்ச் திறந்தாங்க. அப்ப டயல் கிடையாது, பட்டனை அத்தனை தடவை அழுத்தணும். விரல் விட்டுச் சுத்துற டயல் 1896-லதான்.

அந்தத் தண்டு ஏறி இறங்க நேரம் வேணும். செகண்டுக்குப் பத்துங்கற வேகம் அதுக்காகத்தான். டயலோட அவசரமும் நிதானமும் அந்த இரும்புக்கு ஏத்த மாதிரி அமைஞ்சது.

அக்டோபர் 14

நாலு நாளா மழை. தம்பி எழுதுது, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு 8 சுத்தினா சில நேரம் ஒண்ணுமே வரல."

எனக்கும் அதேதான் நடந்துது. கான்டாக்ட் மேல கண்ணுக்குத் தெரியாத படலம் படிஞ்சிருக்கும். டெலிபோன் லைன்ல சுமார் 50 வோல்ட், சில பத்து மில்லியாம்பியர். அது படலத்தைக் குத்திக்கிட்டுப் போயிடும். ஆர்டுயினோவுக்குள்ளேயே முனையை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டர் (உள்-புல்லப்) 20 முதல் 50 கிலோ ஓம், அது வழியாப் போறது அதிகபட்சம் ஒரு மில்லியாம்பியர்ல கால் பங்குதான். அவ்வளவு மெலிசான கரண்டுக்குப் படலமே சுவர் மாதிரி. வெளியில 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை 5 வோல்ட்டுக்கு இழுத்து வை. 5 மில்லியாம்பியர் ஓடும்.

அதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணு. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கான்டாக்ட் மேல இருக்கிற நல்ல உலோகம் போயிடும். அப்பா செஞ்சது இது: அஞ்சலட்டை ஓரத்தை விரல் அகலத்துக்குக் கிழிப்பார், ஸ்பிரிட்ல நனைப்பார், ரெண்டு கான்டாக்ட்டுக்கும் நடுவுல விட்டு, மேல மெதுவா விரலால அழுத்திக்கிட்டு அட்டையை வெளிய இழுப்பார். அட்டையில கறுப்பா ஒரு கோடு விழும். இன்னொரு இடத்தை வச்சு மறுபடி. கோடு சாம்பலாகும், அப்புறம் மஞ்சள் அட்டை மஞ்சளாவே வரும். அப்பதான் நிறுத்துவார். கடைசியா காஞ்ச அட்டை ஒரு தடவை, நார் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதுன்னு. அஞ்சலட்டைதான்னு இல்ல, கெட்டியான மழமழன்னு இருக்கிற எந்தத் தாளும் போதும். ஸ்பிரிட்டுக்குப் பதில் ஐசோபிரோபைல் ஆல்கஹால்.

அக்டோபர் 15

என் டயலுக்கு ரெசிஸ்டரும் போட்டேன், அட்டையும் இழுத்தேன். நூறு தடவை சுத்திப் பாத்தேன், ஒண்ணுகூட விடல.

அக்டோபர் 19

வேகம் பாக்கிற முறை. ஒவ்வொரு திறப்புக்கும் மில்லிசெகண்டைத் திரையில எழுத வை. 0 சுத்து. முதல் திறப்புல இருந்து பத்தாவது திறப்பு வரைக்கும் ஒரு செகண்டு ஆகணும். 9-ல இருந்து 11 பல்ஸ் வரைக்கும் நல்ல டயல்.

என்னோடது செகண்டுக்கு ஏழுகூட இல்ல. பல வருஷ கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப் போயிருக்கு.

அக்டோபர் 20

பெங்களூர்ல இருந்து எழுதுற பெரியவர் திருத்தியிருக்கார், அவர் சொல்றதுதான் சரி. பத்து திறப்புக்கு நடுவுல ஒன்பது இடைவெளிதான். ஆக 0.9 செகண்டு. நேத்து நான் எழுதின ஒரு செகண்டை நம்பி யாராவது டயலோட வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரைத் திருத்தியிருந்தா, தயவுசெஞ்சு மறுபடி அளந்து பாருங்க.

அக்டோபர் 22

பழைய கிரீஸை எடுத்துட்டு தையல் மெஷின் ஆயில் விட்டேன். இப்ப 14 பல்ஸ். சர்ருன்னு ஓடுது.

தப்பு எங்கன்னா, ஆயில் கவர்னருக்குள்ள போயிடுச்சு. பின்னாடி சின்ன பித்தளைக் கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள ரெண்டு குட்டி எடை சுத்தும். வேகம் கூடக் கூட எடைகள் விரிஞ்சு கிண்ணத்துச் சுவர்ல உரசும். அந்த உரசல்தான் பிரேக். அங்க ஆயில் பட்டா வழுக்கும், பிரேக் பிடிக்காது. அச்சு முனைகள்ல மட்டும், ஊசி முனையில எடுத்த ஒரு பொட்டு ஆயில் போதும். கிண்ணம் காஞ்சே இருக்கணும்.

ரெண்டு தடவை ஆல்கஹால் விட்டுத் துடைச்சேன். 10.3-ல நிக்குது. எடைகளைத் தாங்கற ஸ்பிரிங்கை வளைச்சும் வேகத்தை மாத்தலாம், வெளிப்பக்கமா வளைச்சா மெதுவாகும். 10.3-க்கு அதெல்லாம் தேவையில்ல, கை வைக்கல.

அக்டோபர் 27

தம்பி டயலோட பின்பக்கத்தைத் துடைச்சுப் படம் போட்டிருக்கு. ஓரத்துல "ஐ.டி.ஐ." தெளிவாத் தெரியுது. அமைப்பைப் பாத்துட்டு நான் மனசுக்குள்ள பிரிட்டிஷ் டயல்னு நினைச்சிருந்தேன், மாத்திக்கிறேன். குழப்பத்துக்குக் காரணம் இருக்கு. 1948-ல பெங்களூர்ல தொடங்கின இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், பிரிட்டிஷ் ஸ்ட்ரோஜர் நுட்பத்தை வாங்கித்தான் வேலையை ஆரம்பிச்சுது. ஒரே குடும்பம், அதனால பின்பக்கம் பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

வருஷம் கேட்டிருந்த. டயல்ல முத்திரை இருந்தாலும் அது டயலோட வருஷம் மட்டும்தான். ரிப்பேருக்குப் போன டயல் வேற போன்ல ஏறும், அந்தப் போன் டயல் இன்னொண்ணுல ஏறும். அப்பா ஒரு நாள்ல பத்துப் போனைத் திறந்து மூடினா பாகங்கள் பாதி இடம் மாறியிருக்கும். போன்ல ஒரு வருஷம், டயல்ல வேற வருஷம்னா உடனே போலின்னு முடிவு கட்டாதீங்க.

நவம்பர் 3

டின்ல இருந்த டயலை வச்சு என்ன செஞ்சேன்னு சொல்றேன்.

அம்மாவுக்குக் கண் மங்கிக்கிட்டே வருது. தொடுதிரை போன்ல ஒண்ணும் பிடிபடல. கண்ணாடியில எங்க தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கு, எப்படி அடிக்கிறதுன்னு கேக்கறாங்க. டயலைக் கையில குடுத்தேன். விரல் நேராப் போய்க் கொக்கியைத் தொட்டுச்சு. அங்க இருந்து மேல் பக்கமா வெறும் இடத்தைத் தாண்டி முதல் ஓட்டை, ரெண்டு, மூணு. கீழ்ப் பக்கமா 0, 9, 8. கண்ணைத் திறக்கவே இல்ல. யாரும் சொல்லித் தரவும் இல்ல.

பலகைப் பெட்டி ஒண்ணு. டயலை ஓட்டை போடாம வளையத்தால பிடிச்சு மாட்டினேன். உள்ள ஆர்டுயினோ நானோ, கடிகார மாட்யூல், எம்.பி.3 மாட்யூல், சின்ன ஸ்பீக்கர். 1 சுத்தினா மணி சொல்லும். 2 சுத்தினா இந்த வேளைக்கு எந்த மாத்திரைன்னு என் குரல்ல சொல்லும். 3 சுத்தினா பேத்தி குரல். மெமரி கார்டுல இருக்கிறதை ஞாயித்துக்கிழமை மாத்திடுவேன்.

நவம்பர் 5

சித்தியோட பழைய அஞ்சு இலக்க நம்பரையும் நிரல்ல சேத்துட்டேன். அதைச் சுத்தினா சித்தி அந்த வாரம் பேசி அனுப்பின குரல் வரும். அம்மாகிட்ட சொல்லல.

நவம்பர் 6

இன்னைக்குக் காலையில தானாவே சுத்தினாங்க, விளையாட்டாத்தான். ஆனா குரல் வரல, மணி சொல்லிடுச்சு.

ஏன்னு உக்காந்து பாத்தேன். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல மூணு செகண்டுக்கு மேல போனா முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தேன். என் கைக்கு அது தாராளம். அம்மா ஒவ்வொரு எண்ணுக்கும் கொக்கியில இருந்து ஓட்டை எண்ணிக்கிட்டு வர்றாங்க. நாலாவது எண் 8, அதைத் தேடிப் பிடிக்கவே நாலு செகண்டு. அதுக்குள்ள பெட்டி நம்பரைக் குப்பையில போட்டுட்டு, அப்புறம் தனியா வந்த 8-ஐயும் விட்டுட்டு, கடைசியா வந்த 1-ஐ மட்டும் தனியா எடுத்துக்கிச்சு.

தம்பி, நீயும் உன் நிரல்ல இந்தக் காத்திருப்பு நேரத்தை யார் சுத்தப் போறாங்களோ அவங்களைப் பக்கத்துல உக்கார வச்சு அளந்து போடு. நான் எட்டு செகண்டுக்கு மாத்தினேன்.

நவம்பர் 6, மாலை

அஞ்சு எண்ணும் சுத்தி முடிச்சாங்க. எட்டு செகண்டு அமைதி. சித்தி குரல் வந்ததும் அம்மா பெட்டியைப் பாத்து, "மழை விட்டுச்சாடி அங்க?"ன்னு கேட்டாங்க. பதிவுன்னு சொன்னேன். "தெரியும், நீ சும்மா இரு"ன்னுட்டு மறுபடி அதே நம்பரைச் சுத்தினாங்க.